வாய்ல வராத வார்த்தை

வைத்திலிங்கத்துக்கு அந்த வார்த்தையைப் பிடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. பேங்க் வரிசையில அவருக்கு முன்னாடி நின்ன ஆளு அரை மணி நேரமா விட்டத்தைப் பார்த்து யோசிச்சிட்டு இருந்தாரு. பின்னாடி நின்ன அம்மா மருமகளுக்குப் போன் போட்டு யோசனை கேட்டுச்சு. இவரு நேரா கண்ணாடிக் கூண்டுக்குள்ள போனாரு, உட்கார்ந்தாரு, மெஷின்கிட்ட அஞ்சு தடவை சொன்னாரு, எழுந்து வந்துட்டாரு.

அது சொல் பூட்டு வந்த புதுசு. அதுக்கு முந்தி 'கைமாத்து' ஆப்புல பணம் அனுப்ப நம்பர் போட்டா போதும். நம்பரைத் திருடினானுங்க. கைரேகை வச்சாங்க, அதையும் திருடினானுங்க. முகத்தைக் காட்டச் சொன்னாங்க, நம்ம முகத்தையே செஞ்சு காட்டிட்டானுங்க. கடைசியில, உங்க தொண்டையில இருந்து நேரா வர்ற ஒரு வார்த்தை, அதுதான் சாவின்னு கொண்டு வந்தாங்க. மெஷின் செஞ்ச குரலுக்கும் மனுஷத் தொண்டைக்கும் உள்ள வித்தியாசம் போனுக்குத் தெரியுமாம். மனுஷக் காதுக்குத்தான் தெரியாது.

முதல் மாசம் ஊர்ல பாதிப் பேரு 'சரி'ன்னு வச்சுட்டான். பணம் போகட்டுமான்னு கேட்டா சரின்னு சொல்றதுதானே, சுலபம்னு. நம்ம ஆளுங்க போன்ல எப்படிப் பேசுவாங்கன்னு யாரும் யோசிக்கல. எதிர்ல இருக்கிறவன் பேசப் பேச நாம "சரி... சரிங்க... ம், சரி"ன்னுட்டே இருப்போம். ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம் இல்ல, கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். திருடனுங்க போன் போட்டு ஒரு சோகக் கதையை ஆரம்பிச்சானுங்க. ஒவ்வொரு சரிக்கும் ஒரு தொகை போச்சு. தில்லை நகர்ல ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு ஒரே கதையில பதினேழு தடவை போச்சுன்னு சொல்வாங்க.

அதுக்கப்புறம்தான் பேங்க்ல ஷகிலான்னு ஒரு பொண்ணை உட்கார வச்சு எல்லாருக்கும் பாடம் எடுக்கச் சொன்னாங்க. "சார், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. உங்க வாய்ல வழக்கமா வராத வார்த்தையா பார்த்து வைங்க. கைமாத்துல யாராவது ஒருத்தர் பணம் கேட்டு வரிசையில நிக்கிறப்ப உங்க போன் காதுல அந்த வார்த்தை விழுந்தா, அனுப்பிடும்."

"யாரும் கேக்காத நேரத்துல விழுந்தா?"

"யாரும் கேக்காத நேரம்னு ஒண்ணு இருக்கா சார்? உங்க போனை எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தாரு. அன்னிக்கு மட்டும் நாற்பத்தி மூணு பேரு கேட்டிருந்தான். ஒருத்தனையும் இவருக்குத் தெரியாது.

வைத்திலிங்கம் வச்ச வார்த்தை 'மன்னிச்சுடு'.

முப்பத்தி ரெண்டு வருஷம் கண்டக்டர் உத்தியோகம். சில்லறை இல்லேன்னு கத்தியிருக்காரு, படியில நிக்காதேன்னு கத்தியிருக்காரு. பொம்பளைங்க காலை மிதிச்சிட்டுப் போயிருக்காரு, தப்பா டிக்கெட் கிழிச்சிருக்காரு. அந்த வார்த்தை மட்டும் வந்ததே இல்ல. கூண்டுக்குள்ள மெஷின்கிட்டதான் முதமுதல்ல சொன்னாரு, அஞ்சு தடவை, தெளிவா. பச்சை லைட்டு எரிஞ்சுது. இதைவிடப் பத்திரமான பூட்டு திருச்சியிலயே எவனுக்கும் இருக்காதுன்னு நினைச்சாரு.

அந்தப் பூட்டுக்குப் பின்னாடி இருந்தது ஆறு லட்சத்து நாற்பதாயிரம். அவரு மனைவி பங்கஜவல்லிக்கு ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்குப் போறதுக்குள்ள பால் பொங்கி வழிஞ்சிடும். ரெண்டு முட்டியையும் மாத்தணும்னு டாக்டர் சொல்லி ஒன்றரை வருஷம் ஆச்சு. ரிட்டயர்மென்ட் பணம், பங்கஜத்தோட ரெண்டு வளையல், எல்லாத்தையும் போட்டு சேர்த்தது. வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். அட்மிஷன் அன்னிக்குக் காலையில கட்டணும். முன்னாடியே வாங்க மாட்டாங்க, ரொக்கமும் வாங்க மாட்டாங்க.

அந்த வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, உறையூர் டீக்கடைக்கு அந்தோணிசாமி வந்தாரு. வைத்திலிங்கத்தோட ஒரே வண்டியில பதினோரு வருஷம் டிரைவரா இருந்தவரு. எப்பவும் சத்தம் போட்டுக்கிட்டே வர்ற ஆளு, அன்னிக்கு பெஞ்சு ஓரமா வந்து உட்கார்ந்தாரு.

"யோவ் வைத்தி. என் பணம் போச்சுய்யா."

"எவ்வளவு?"

"எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவு."

வைத்திலிங்கம் டீ கிளாஸைக் கீழ வச்சாரு. "வார்த்தையைச் சொல்லிட்டியா?"

"சொல்ல வச்சுட்டான்யா. பழைய மலைப்பாதை டிரைவருங்களைப் பத்தி எழுதுறேன் சார்னு ஒருத்தன் போன் பண்ணான். நல்ல பையன் மாதிரி இருந்தான். கொல்லிமலை எழுபது வளைவு ஓட்டின கதையெல்லாம் கேட்டான். என் பொண்டாட்டிகூட அவ்வளவு பொறுமையா கேட்டதில்ல. 'இறங்கும்போது எதை நினைச்சா சார் பயம் வரும்'னான். நான் 'பிரேக் பிடிக்கல'ன்னு ஆரம்பிச்சேன் பாரு..."

"அதுதான் உன் வார்த்தையா?"

"வேற என்ன வைப்பேன்? ஸ்டியரிங்ல கை வச்ச எவனாவது அதை வாயால சொல்வானா? அபசகுனம்யா. முப்பது வருஷம் நான் சொன்னதில்ல. டிங்குன்னுச்சு. அவ்வளவுதான்."

"உடனே பேங்குக்குப் போன் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணேனே. எடுத்தவன் 'சொல்லுங்க சார், புகாரைப் பதிவு பண்ணிக்கிறேன்'னான். பாதியிலதான் தெரிஞ்சுது, அவனும் அவனுங்க ஆளுதான்னு. இப்பல்லாம் நாம எந்த நம்பரைக் கூப்பிட்டாலும் நடுவுல புகுந்துடுறானுங்களாம்." அந்தோணிசாமி சிரிக்கப் பார்த்தாரு, முடியல. "ஒரு டீ வாங்கிக் குடுய்யா. நிஜமாவே காசு இல்ல."

வைத்திலிங்கத்துக்கு அதுக்கு மேல டீ இறங்கல. நம்ம வார்த்தை அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தோணி யார்கிட்டயும் சொன்னதில்ல. அவரு பொண்டாட்டி மேரிக்கே தெரியாது.

மறுநாள் பேங்க் திறக்கிறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னாரு. ஷகிலா பேகைக்கூட இன்னும் கீழ வைக்கல.

"எனக்கு வார்த்தையை மாத்தணும்மா."

"மாத்தலாம் சார். ஆனா ஏழு நாள் ஆகும். திருடன் மிரட்டி மாத்த வச்சிடக் கூடாதுன்னு அந்த விதி."

"வியாழக்கிழமை ஆபரேஷன்."

அந்தப் பொண்ணு காலண்டரைப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்குச்சு. "அடுத்த சனிக்கிழமைதான் சார் மாறும்."

"சரி, அவனுக்கு எப்படிம்மா தெரியுது? நாம யார்கிட்டயும் சொல்லலையே?"

"சொன்னதை வச்சு இல்ல சார். சொல்லாததை வச்சு." ஷகிலா குரலைத் தாழ்த்துச்சு. "நாம வருஷக்கணக்கா போன்ல பேசினதெல்லாம் எங்கெங்கயோ சேர்ந்து கிடக்கு. மெஷினை விட்டு அதைக் கேக்க விடுறாங்க. இப்ப உங்க ஃப்ரெண்டு டிரைவர்னா, கிளட்ச், டயர், கியர் எல்லாம் ஆயிரம் தடவை வந்திருக்கும். ஒண்ணு மட்டும் ஒரு தடவைகூட வந்திருக்காது. அந்த ஓட்டை மெஷினுக்குப் பளிச்சுன்னு தெரியும். அப்புறம் என்ன, அந்த வார்த்தை தானா வர்ற மாதிரி பேச்சைத் திருப்ப வேண்டியதுதான்."

"நான் ஒரு வார்த்தை வச்சிருக்கேன். அதைச் சொன்னதே இல்ல. அதைக் கேட்டு ஒருத்தனும் கூப்பிட மாட்டான்னு..."

"எங்கிட்ட சொல்லாதீங்க சார்." ஷகிலா கையை நீட்டித் தடுத்துச்சு. "தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து வந்தாலும் நம்பாதீங்க. குரலை நம்பாதீங்க. சந்தேகமா இருந்தா வச்சிடுங்க. திருப்பிக் கூப்பிட்டும் பார்க்காதீங்க. நேர்ல போய்ப் பாருங்க. அது ஒண்ணுதான் வழி."

வீட்டுக்கு வர்ற வழியில ஒரு விஷயம் கவனிச்சாரு. இத்தனை வருஷம் வாய்க்கே வராத வார்த்தை, இப்ப நாக்கு நுனியில வந்து உட்கார்ந்திருக்கு. சைக்கிள்காரன் மேல இடிச்சாரு, உதடு 'ம'ன்னு குவிஞ்சுது. பல்லைக் கடிச்சு முழுங்கினாரு. போன் சட்டைப் பையில இருந்துச்சு, நெஞ்சுக்கு நேரா, காதை விரிச்சுக்கிட்டு.

வீட்டுக்கு வந்தும் பேச்சைக் குறைச்சாரு. அன்னிக்கு சாயங்காலம் அடுக்களையில தண்ணி எடுக்கப் போனவரு திரும்பும்போது பங்கஜத்தோட இடது காலை நல்லா மிதிச்சிட்டாரு. அவ வாக்கரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடினா. வலி இறங்குற வரைக்கும் மூச்சுவிடல. அப்புறம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தா. பார்த்துட்டே இருந்தா.

இவரு சொம்பைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு.

"உங்க வார்த்தை எனக்குத் தெரியும்ங்க," ன்னா.

"என்ன தெரியும் உனக்கு?"

"முப்பத்தி மூணு வருஷம் ஆச்சு நான் இந்த வீட்டுக்கு வந்து. நீங்க எதைச் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? போன் இருக்கு, வாயால சொல்லல." சுவத்துல சுண்ணாம்பு உதிர்ந்த இடத்துல நகத்தால கீறி எழுதினா. ம. அடுத்து ன், அதுக்குக் கீழ னி. அதுக்கு மேல எழுத வேண்டியிருக்கல.

வைத்திலிங்கம் அந்தச் சுவத்தை உள்ளங்கையால அழுத்தித் தேய்ச்சாரு. இவளுக்கே தெரிஞ்சா அவனுங்களுக்குத் தெரியாதா. இவ ஒருத்தி காதால கேட்டே கண்டுபிடிச்சிருக்கா, அவனுங்க மெஷினை வச்சிருக்கானுங்க.

"யாராவது வந்து அந்த வார்த்தையை எங்கிட்ட கேட்டா..." ன்னு ஆரம்பிச்சாரு.

"யாரு கேப்பா? கேக்குறதுக்கு ரெண்டே பேருதான். நான் கேட்டு ஓய்ஞ்சுட்டேன்." அவ வாக்கரை நகர்த்திக்கிட்டு உள்ள போயிட்டா.

ரெண்டாவது ஆளு யாருன்னு சொல்லாமலே அவருக்குத் தெரியும். மகன் செழியன்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி நடந்தது. செழியனுக்கு இருபது வயசு. துறையூர்ல பரீட்சை. அவசரத்துல பஸ் பாஸை வீட்ல வச்சுட்டு, அப்பா வண்டிதானேன்னு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறிட்டான். கையில காசும் இல்ல. "உட்காரு"ன்னுட்டாரு இவரு, டிக்கெட் போடல. மண்ணச்சநல்லூர்ல செக்கிங் ஏறினாங்க. டிக்கெட் இல்லாம ஒரு ஆளைக் கண்டக்டர் ஏத்தினா சஸ்பென்ஷன். இவருக்கு ஏற்கனவே ஒரு மெமோ இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் கேட்டாரு, "இந்தப் பையன் யாருய்யா?" வைத்திலிங்கம் பையனைப் பார்க்காம சொன்னாரு, "யாருன்னு எனக்குத் தெரியாது சார்."

பஸ்ஸே பார்த்துச்சு. பாதிப் பேரு உறையூர்க்காரங்க, அவங்களுக்குத் தெரியும் யாரு மகன்னு. ஒருத்தரும் வாயைத் திறக்கல. பையனைக் காலரைப் பிடிச்சு இறக்கினாங்க. பரீட்சை போச்சு. சாயங்காலம் வீட்ல அவன் ஒண்ணுதான் கேட்டான், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" இவரு, "உத்தியோகம்னா அப்படித்தான்"னுட்டுச் சாப்பிட உட்கார்ந்துட்டாரு. அந்த மாசமே அவன் ஓசூர் போயிட்டான். பேட்டரி கம்பெனியில வேலை. பொங்கலுக்கு அம்மாவுக்கு மட்டும் போன் வரும்.

ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி. பங்கஜம் குளிக்கப் போயிருந்தா. போன் அடிச்சுது. பேரு வந்துச்சு, செழியன்.

எடுக்கக் கூடாதுன்னு தெரியும். கை எடுத்துடுச்சு.

"அப்பா."

அவன் குரல்தான். சளி பிடிச்சா மூக்கு அடைக்கிற அதே குரல்.

"நான்தாம்ப்பா. எப்படி இருக்கீங்க?"

வைத்திலிங்கம் வாயைக் கையால பொத்திக்கிட்டாரு. வாயைத் திறந்தா எது வருமோன்னு பயம்.

"பேச மாட்டீங்கன்னு தெரியும். அம்மாவுக்கு ஆபரேஷனாம்ல. வரணும்னு இருக்குப்பா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பிட்டேன். அந்த மண்ணச்சநல்லூர் ஸ்டாப் கண்ணுக்குள்ள வந்து நிக்குது. அந்த இன்ஸ்பெக்டர் என் காலரைப் பிடிச்சப்ப நீங்க டிக்கெட் கட்டை எண்ணிட்டு இருந்தீங்க."

அது உண்மை. டிக்கெட் கட்டை எண்ணிட்டுத்தான் இருந்தாரு. அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

"வேற ஒண்ணும் வேண்டாம்ப்பா. ஒரு வார்த்தை. அதைச் சொல்லிட்டீங்கன்னா இன்னிக்கே கிளம்பி வரேன்."

அவன்தான். இல்ல, அவன் இல்ல. அவன் இல்லேன்னா டிக்கெட் கட்டு எப்படித் தெரியும்? அவன்னா, ஒன்பது வருஷம் இல்லாம ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னாடி ஏன்? சரியா அந்த வார்த்தை ஏன்? குளியலறையில பங்கஜம் பக்கெட்டை நகர்த்துற சத்தம் கேட்டுது. அந்த ரெண்டு முட்டி. ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.

"அப்பா? சொல்லுங்கப்பா."

"நீ யாருன்னு எனக்குத் தெரியாது," ன்னாரு வைத்திலிங்கம்.

அப்புறம் அந்தக் குரல் ரொம்ப மெதுவா சொல்லுச்சு. "அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க."

போனை அணைச்சிட்டாரு. திரும்பிப் பார்த்தா, பங்கஜம் ஈரப் புடவையோட வாக்கரைப் பிடிச்சுக்கிட்டுக் கதவுகிட்ட நிக்கிறா.

"யாருங்க?"

"தெரியல. திருடனா இருக்கும்."

"யாரு குரல்ல?"

அவளே போனை வாங்கிப் பேரைப் பார்த்தா. சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய்க் கட்டில்ல உட்கார்ந்தா. "பணம் கேட்டானா?"

"கேக்கல."

"வேற என்ன கேட்டான்?"

"ஒரு வார்த்தை."

பங்கஜம் புடவைத் தலைப்பைப் பிழிஞ்சா. தலையில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துச்சு. "திருடனா இருந்தா, நீங்க செஞ்சது சரி. பணம் மிச்சம். என் புள்ளையா இருந்தா?"

"நீ வேணா உன் போன்ல கூப்பிட்டுப் பாரேன்."

"கூப்பிட்டா எடுக்கிறது அவன்தான்னு எப்படிங்க தெரியும்? அந்தோணி அண்ணன் கதையை நீங்கதானே சொன்னீங்க." அவ முட்டியைத் தடவிக்கிட்டே, "எனக்கு இந்தக் கால் இல்லேன்னாலும் பரவாயில்லங்க. ரெண்டாவது தடவையும் அவனைத் தெரியாதுன்னு சொல்லிட்டீங்களோன்னுதான் இருக்கு," ன்னா.

திங்கட்கிழமை விடிஞ்சதும் வைத்திலிங்கம் கிளம்பினாரு. போனை அரிசி டப்பா மேல வச்சாரு. "யாரு கூப்பிட்டாலும் எடுக்காதே."

"போன் இல்லாம பஸ்ல எப்படி ஏறுவீங்க?"

"ரிட்டயர்டு ஸ்டாஃப் பாஸ் இருக்கு."

நாமக்கல், சேலம், தருமபுரின்னு வண்டி போச்சு. கண்டக்டர் இல்லாத வண்டி. கதவே ஆளை எண்ணிக்கிது, கதவே காசை எடுத்துக்குது. வைத்திலிங்கம் ஜன்னலோரமா உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாரு. போன் பக்கத்துல இல்ல, பயமில்ல. இருந்தாலும் வரல. கூண்டுக்குள்ள அஞ்சு தடவை மளமளன்னு வந்தது, இப்ப ஓசூர் வரைக்கும் முயற்சி பண்ணியும் பாதிக்கு மேல வரல. பக்கத்து சீட்டுக்காரன், "என்ன பெரியவரே, வயித்து வலியா?"ன்னு கேட்டான்.

பங்கஜம் எழுதிக் குடுத்த அட்ரஸ் மூணாவது மாடி. கதவைத் தட்டினாரு. திறந்தான்.

நெத்தி மேல ஏறியிருந்துச்சு, மீசை வந்திருந்துச்சு. அவன் இவரைப் பார்த்தான், படிக்கட்டைப் பார்த்தான், வேற யாரும் வந்திருக்காங்களான்னு. "அம்மாவுக்கு ஏதாவது...?"

"இல்ல. அம்மா நல்லா இருக்கா. வியாழக்கிழமை முட்டி ஆபரேஷன்." கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டாரு. உள்ள போய் உட்கார்ந்தா தைரியம் போயிடும்னு தெரியும். "நேத்து போன்ல உன்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அன்னிக்கும் சொன்னேன். செழியா, மன்... மன்னிச்சுடுப்பா."

ஒருவழியா வந்துடுச்சு, கடைசியில கொஞ்சம் உடைஞ்சு.

செழியன் நெத்தியைச் சுருக்கினான். "நேத்தா? நான் யாருக்கும் போன் பண்ணலையே."

வைத்திலிங்கம் நிலையை இன்னும் இறுக்கிப் பிடிச்சாரு. "நீதானே... டிக்கெட் கட்டை எண்ணினேன்னு சொன்னியே."

"உள்ள வாங்க. உட்காருங்க முதல்ல."

ஒரே ரூம். பாய், மேஜை, மேஜை மேல அவன் போன். தண்ணி கொண்டு வந்து குடுத்தான். அவன் 'அப்பா'ன்னு கூப்பிடலேன்னு இவரு கவனிச்சாரு. வாங்க, உட்காருங்க, குடிங்க, அவ்வளவுதான். கோபம் போகலன்னு நினைச்சுக்கிட்டாரு. போன்ல வந்த அந்தக் குரல் மூச்சுக்கு மூச்சு அப்பான்னுச்சு.

"போன வாரம் எனக்கும் ஒரு போன் வந்துச்சு," ன்னான் செழியன். "உங்க நம்பர். உங்க குரல். எடுத்ததும் மன்னிச்சுடுன்னு சொல்லுச்சு. சொல்லி அழுதுச்சு."

"நான் இல்லப்பா."

"தெரியும். அந்த நிமிஷமே தெரிஞ்சுடுச்சு, நீங்க இல்லேன்னு. நீங்க அதைச் சொல்லவே மாட்டீங்கல்ல. அதை வச்சுத்தான் போலின்னு கண்டுபிடிச்சேன்."

வைத்திலிங்கம் தம்ளரைக் கீழ வச்சாரு.

"தெரிஞ்சும் நான் வைக்கல," ன்னான் அவன். "எதுக்கு மன்னிக்கணும்னு கேட்டேன். அதுக்குத் தெரியல. நீயே சொல்லுப்பான்னுச்சு. சொல்லிட்டேன். பஸ், காலர், இன்ஸ்பெக்டர், நீங்க எண்ணின டிக்கெட் கட்டு. திருடன்னு தெரிஞ்சே ஒரு மணி நேரம் கொட்டினேன். உங்க குரல்ல ஒருத்தன் பொறுமையா கேட்டுக்கிட்டு இருந்தானா... வைக்க மனசு வரல. அதைத்தான் கொண்டு வந்து உங்ககிட்ட பேசியிருக்கானுங்க."

"உன் பணம்?"

"போகல. என் வார்த்தையை நான் சொல்லல. சொல்ல வைக்கத்தான் பார்த்தான், கடைசி வரைக்கும்."

கீழ ரோட்டுல கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சுது. செழியன் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, வரலைங்கிற மாதிரி கையை ஆட்டினான்.

வைத்திலிங்கம் எழுந்தாரு. "வேலைக்குப் போப்பா. நான் மூணு மணி வண்டியைப் பிடிக்கிறேன். வந்தது சொல்லத்தான். சொல்லிட்டேன். நீ ஒண்ணும் சொல்லணும்னு இல்ல."

"இருங்க."

செழியன் மேஜை மேல இருந்த போனை எடுத்தான். அணைக்கல. அணைச்சாலும் அது கேக்கும்னு எல்லாருக்கும் தெரியும். அதை ஒரு துண்டுல சுத்தினான், கதவைத் திறந்து மொட்டை மாடிப் படியில ஏறிப் போனான். மேல தகரக் கதவு திறக்கிற சத்தம், மூடுற சத்தம். திரும்ப இறங்கி வந்தான். வாசக் கதவைச் சாத்தினான், தாப்பாள் போட்டான், ஜன்னலையும் இழுத்துச் சாத்தினான். மூச்சு வாங்குச்சு.

வைத்திலிங்கம் ஒண்ணும் புரியாம நின்னாரு.

"அப்பா," ன்னான் செழியன்.

அவருக்கு அப்பத்தான் விளங்குச்சு. ஒன்பது வருஷமா அவன் வாய்ல வராத வார்த்தை எதுன்னு.

அப்படியே பாய்ல உட்கார்ந்துட்டாரு. அவனும் பக்கத்துல வந்து உட்கார்ந்தான். ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ரூம்ல காத்து இல்ல, புழுங்குச்சு. யாரும் ஜன்னலைத் திறக்கல.

"எனக்கும் மாத்தணும்னா ஏழு நாள் ஆகும்," ன்னான் அவன் கடைசியில. "இப்பவே உங்ககூட கிளம்பி வரேன். ஆனா போன் கையில இருக்கும், வழியில உங்களை அப்படிக் கூப்பிட மாட்டேன். ஆஸ்பத்திரியிலயும் கூப்பிட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல." வைத்திலிங்கம் தோள் துண்டால முகத்தைத் துடைச்சாரு. "ஒரு உதவி பண்ணு. வீட்டுக்குப் போனதும் அரிசி டப்பா மேல என் போன் இருக்கும். அதை எடுத்துக்கிட்டு நீ தெருமுனை வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"எதுக்குப்பா?"

"உங்கம்மாகிட்ட எனக்கு ஒரு வேலை இருக்கு," ன்னாரு. "அவசரமா வந்துடாதே. மெதுவா குடி."